மலைப் புல்லில் ஒரு வெளிறிய அந்து, எங்கள் வயலில் அதன் உறவுகள்

சென்ற மார்கழி விடுமுறையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி நண்பர்களுடன் ஹோட்டன் சமவெளிக்குப் போய்வந்தான். உப்புவெளிக் கடற்கரையில் உள்ள விடுதி ஒன்றில் வேலை செய்பவன். வருகிறவர்களுக்குக் கடலைக் காட்டிக் காட்டி அலுத்துப்போய், தானும் ஒருமுறை உல்லாசப் பயணியாக இருந்து பார்க்க மலைக்குப் போனானாம். கூடப் போனவர்கள் எல்லோரும் 'உலக முடிவு' பள்ளத்தின் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு வர, இவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு பூச்சியைக் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, இது என்ன பூச்சி எண்டு சொல்லுங்கோ பாப்பம். புல்லுக்குள்ள கால் வைக்கிற இடமெல்லாம் எழும்பிப் பறக்குது. கொஞ்சத் தூரந்தான். பிறகு திரும்பவும் புல்லிலயே போய் ஒட்டிக்கொள்ளுது."

படத்தில் ஒரு புல்தண்டு. அதன்மேல் வைக்கோல் துண்டு போல மெல்லியதாக, வெளிறிய நிறத்தில், விரல் நகத்தின் நீளத்தில் ஒன்று. சும்மா பார்த்தால் காய்ந்த இலைச் சிம்பு என்றே நினைப்போம். தம்பி அதை ஒரு கைத்தொலைபேசிச் செயலியில் போட்டுப் பார்த்திருக்கிறான். அது ஐரோப்பாவின் மலைப் புல்வெளிகளில் வாழும் ஓர் அந்தின் பெயரைச் சொன்னதாம். "சுவிட்சர்லாந்துப் பூச்சி நுவரெலியாவுக்கு எப்படி மாமா வந்தது?" என்று கேட்டான். வரவில்லை. அந்தச் செயலிக்கு அங்கத்தைய படங்கள் நிறையத் தெரியும், இங்கத்தைய படங்கள் குறைவாகவே தெரியும். கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறது.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் இந்த மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். பூச்சிகளைப் பற்றிக் கேட்டால் வாயை மூட மாட்டேன் என்று வீட்டில் குறை சொல்வார்கள். அந்தக் குறையோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் தம்பியின் கேள்வி எனக்குப் பொழுதுபோக்குக் கேள்வியாகப் படவில்லை. வெளிறிய சிறு அந்து ஒன்றைச் சரியாகப் பெயர் சொல்லாமல் விட்டதால் என்ன நடக்கும் என்பதை நான் ஒரு விவசாயியின் வயலில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிழை என்னுடையது. அதற்குப் பிறகு வருகிறேன்.

படத்தை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பியின் அம்மம்மா வந்து எட்டிப் பார்த்தார். 1977 ஆவணிக் கலவரத்தில் தோட்டத்து லயத்தை விட்டு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்த குடும்பம் அவருடையது. அதற்குப் பிறகு 83, 90 என்று எத்தனையோ இடம்பெயர்வுகள். ஆனாலும் பேச்சில் மலையகம் போகவில்லை. "இதுவா? மானாப்புல்லுக்குள்ள கால வச்சா பொரி பறக்குற மாதிரி கெளம்புமே. கொழுந்து எடுத்துட்டு பத்தனைக்குள்ள குறுக்கு வழியா வருவோம், அப்ப பாத்துருக்கேன்" என்றார். பெயர் கேட்டேன். "அதுக்கெல்லாம் யாரு பேரு வச்சா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்ன 'பத்தனை' என்பது மலைநாட்டுப் புல்வெளி. சிங்களத்திலும் அதே சொல்தான். கொட்டகலைக்குப் பக்கத்தில் உள்ள பத்தனை என்ற ஊருக்கும் அதே பெயர். ஊவாப் பக்கம் வெயில் காயும் சரிவுகளில் மானாப்புல் அடர்ந்த உலர் பத்தனைகள் உண்டு. இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே, ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில், குளிரும் ஈரமும் நிறைந்த ஈரப் பத்தனைகள் உண்டு. அம்மம்மா பார்த்ததும் தம்பி பார்த்ததும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேரும் சொன்ன பழக்கம் ஒன்றுதான்: கால் பட்டால் கிளம்பும், சற்றுப் பறக்கும், மீண்டும் புல்லோடு புல்லாக ஒட்டிக்கொள்ளும். அடையாளம் காண நிறத்தைவிட இந்தப் பழக்கம்தான் அதிகம் உதவும்.

வெளிறிய நிறம் அந்துகளில் மிகப் பொதுவானது. வெள்ளை, பால் வெள்ளை, வைக்கோல் நிறம், சாம்பல் கலந்த வெள்ளை என்று ஆயிரக்கணக்கான இனங்கள். நிறத்தில் தொடங்கினால் வழி தவறிவிடுவோம். முதலில் பார்க்க வேண்டியது, அது உட்கார்ந்திருக்கும்போது சிறகை எப்படி வைத்திருக்கிறது என்பதை.

புல்வெளியில் காணும் வெளிறிய சிறு அந்துகள் பெரும்பாலும் மூன்று கூட்டங்களில் அடங்கும். ஒன்று, சிறகை இரு பக்கமும் தட்டையாக விரித்து, இலையில் ஒட்டிய முத்திரை போல இருப்பது. இவற்றின் புழுக்கள் முழம் போட்டு நடப்பவை; அதனால்தான் இந்தக் குடும்பத்துக்கு 'நிலத்தை அளப்பவை' என்ற பொருளில் ஜியோமெட்ரிடே என்று பெயர். மற்றொன்று, சிறகைக் குச்சி போல ஒடுக்கி இரு பக்கமும் நீட்டி, ஆங்கில எழுத்து 'ரீ' வடிவில் நிற்பது. சிறகை விரித்தால் இறகு போலக் கிழிந்து பிரிந்திருக்கும். இவை இறகு அந்துகள். மூன்றாவது, சிறகை உடலைச் சுற்றிச் சுருட்டியோ, கூரை போல மடித்தோ, ஒரு சிறு குழாயாகவோ முக்கோணமாகவோ தோன்றுவது. புல்தண்டின் நீளத்தோடு நீளமாக ஒட்டிக்கொள்வது இதுதான். தம்பியின் படத்தில் இருந்தது இந்த மூன்றாவது.

பிறகு முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தலைக்கு முன்னால் ஒரு மூக்கு நீண்டிருந்தது. உண்மையில் அது மூக்கு அல்ல. வாய்க்குப் பக்கத்திலுள்ள இரண்டு உணர் உறுப்புகள் முன்னோக்கி நீண்டு ஒட்டி நிற்பதால் அப்படித் தெரிகிறது. சுருட்டிய சிறகும் நீண்ட 'மூக்கும்' சேர்ந்தால் அது புல் அந்துக் குடும்பம், கிராம்பிடே. உலகில் பத்தாயிரம் அளவிலான இனங்கள் பெயரிடப்பட்ட பெரிய குடும்பம். இவற்றுக்கு வயிற்றின் அடிப்பக்கத்தில் காது உண்டு. வௌவால் வேட்டையாடும்போது எழுப்பும் ஒலியை அந்தக் காதால் கேட்டுச் சடாரென்று விழுந்து தப்பிக்கும். இவற்றின் புழுக்களில் பல, புல்லின் அடியில் பட்டுநூலால் சிறு சுரங்கம் செய்து, அதற்குள் இருந்தபடியே புல்லைத் தின்பவை.

இதற்கு மேல், ஒரு படத்தை மட்டும் வைத்து இனத்தின் பெயரைச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம். ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும் இந்தச் சிறிய அந்துகளைப் பிரிக்க, அறிஞர்கள் அவற்றின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியின் கீழ் பார்க்கிறார்கள். பூட்டும் சாவியும் போல ஒவ்வோர் இனத்துக்கும் அது வேறுபடும். 2003ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த போல் ஹீபர்ட் முன்வைத்த மரபணுப் பட்டைக்குறி முறை இன்னொரு வழி. கடையில் சாமானின் பட்டைக்குறியை வாசிப்பதுபோல, ஒரு சிறு மரபணுத் துண்டை வாசித்து இனத்தைச் சொல்லலாம். இரண்டுக்கும் பூச்சி கையில் வேண்டும். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் ஒரு பூச்சியைக்கூடப் பிடித்துக்கொண்டு வர முடியாது. தம்பி படத்தோடு நின்றது சரி.

எங்கள் மலைகளின் அந்துகளுக்கு இந்த அறிவியல் பெயர்கள் வந்த கதையும் தோட்டங்களைச் சுற்றியதுதான். ஜோர்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். 1891இல் நீலகிரி அந்துகள் பற்றியும், 1893இல் இலங்கை அந்துகள் பற்றியும் நூல் எழுதினார். அதற்கு முன் 1880களில் பிரெடரிக் மூரின் மூன்று தொகுதிகள் வந்தன. அவற்றின் அழகான வண்ணப் படங்களுக்கு மூலமாக இருந்தவை, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய வில்லியம், ஜோர்ஜ் டி அல்விஸ் சகோதரர்கள் வரைந்த சித்திரங்கள். சித்திரக்காரரின் பெயராவது மிஞ்சியது. கொழுந்துக் கூடையோடு பத்தனைக்குள் நடந்து, பொரி பறப்பது போல இவை கிளம்புவதைத் தினமும் பார்த்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். நெல்லும் ஒரு புல்தான். மலைப் புல்லில் ஒட்டியிருந்த அந்தின் குடும்பத்தைச் சேர்ந்த உறவுகள்தான் எங்கள் வயல்களிலும் இருக்கின்றன. கன்னியா, நிலாவெளி, மூதூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று என்று இந்த மாவட்டத்தில் எந்த வட்டைக்குள் இறங்கினாலும், பெரும்போகமோ சிறுபோகமோ, வெளிறிய சிறு அந்துகள் கிளம்பும். விவசாயி அதைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், என்ன மருந்து அடிக்கிறது?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த அந்து என்பது. மலையில் உள்ளதுபோல இங்கே நூற்றுக்கணக்கான இனங்களோடு குழம்ப வேண்டியதில்லை. நெற்பயிருக்குள் முக்கியமானவை மூன்று. வெறும் கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

ஆளைக் கவிழ்ப்பது மஞ்சள் தண்டு துளைப்பான். பெண் அந்து வைக்கோல் மஞ்சள் நிறம். முன்சிறகு ஒவ்வொன்றிலும் நடுவில் பேனாவால் குத்தியதுபோல ஒரே ஒரு கரும்புள்ளி. ஆண் அதைவிடச் சிறியது, மங்கலான மண்ணிறம், அதனால் ஆணைப் பலர் கவனிப்பதேயில்லை. பெண் இரவில் வந்து இலையின் நுனிப் பக்கம் கும்பலாக முட்டையிட்டு, தன் வயிற்று நுனியின் மயிரைக் கொண்டே அதை மூடிவிடும். பழுப்பு வெல்வெட் துணியில் வெட்டி ஒட்டிய சிறு பொட்டு போல இருக்கும். புழு பொரித்ததும் தண்டுக்குள் போய்விடுகிறது. பயிர் இளமையாக இருந்தால் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். கதிர் வெளிவரும் காலமென்றால் கதிர் முழுவதும் வெளுத்து, மணியில்லாமல் நேராக நிமிர்ந்து நிற்கும். வெண்கதிர் என்பது அதுதான். வெண்கதிரைக் கண்ட பிறகு மருந்து அடிப்பது, வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுவது மாதிரி. புழு தண்டுக்குள் தன் வேலையை முடித்துவிட்டது. போன கதிர் போனதுதான். இளம் பயிரில் குருத்து காய்வதையோ அவ்வளவு அஞ்ச வேண்டாம். சிறிதளவு என்றால் பயிர் பக்கக் குருத்துகளை விட்டு ஈடுசெய்துகொள்ளும்.

இரண்டாவது இலைசுருட்டி. இதுதான் பகலில் வயலுக்குள் நடக்கும்போது காலடியில் அதிகம் கிளம்புவது. பறக்கும்போது வெளிறிய மஞ்சளாகத் தெரியும். உட்கார்ந்தால் முக்கோணம், சிறகில் கரும்பழுப்பு நெளிகோடுகள், ஓரத்தில் கருமையான கரை. புழு இலையை நீளவாக்கில் மடித்து நூலால் தைத்து, உள்ளே இருந்து பச்சையத்தைச் சுரண்டும். இலையில் வெள்ளைக் கோடுகள் விழும். தூரத்திலிருந்து பார்த்தால் வயலே வெளுத்ததுபோல் பயமாக இருக்கும். ஆனால் இளம் பயிரில் இந்தப் பாதிப்பு விளைச்சலைப் பெரிதாகக் குறைப்பதில்லை. யூரியாவை அள்ளிப் போட்ட வயலிலும், மர நிழல் விழும் பக்கத்திலும் இது கூடும். அதனால் மருந்துப் போத்தலுக்கு முன்னால் பசளைப் பையைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தூய வெள்ளை, மிக மெல்லியது, சிறகில் சிறு பழுப்புப் புள்ளிகள். இதன் புழு இலை நுனியைக் கத்தரித்து, சுருட்டிக் கூடாக்கி, அதற்குள் இருந்துகொண்டு நீரில் மிதந்து செடிக்குச் செடி போகும். வாய்க்காலை அடைத்து வயலை இரண்டு மூன்று நாள் வடியவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு சதம் செலவில்லை.

இப்போது என் பிழை. 2009–10 பெரும்போகம். யுத்தம் முடிந்த வருடம். மூதூர் கிழக்கில், 2006இல் இடம்பெயர்ந்து முகாமெல்லாம் அலைந்து திரும்பியவர்கள், காடாகிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கி விதைத்திருந்தார்கள். ஒருவர் என்னைத் தேடி வந்து, "சேர், வயலுக்குள்ள வெள்ளைப் பூச்சி கிளம்புது, வந்து பாருங்கோ" என்றார். அன்று எனக்கு வேறு மூன்று இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. வரம்பில் நின்று பார்த்தேன். கிளம்பியது. வெளிறிய மஞ்சள். தண்டு துளைப்பான் என்றேன். ஒன்றைப் பிடித்துச் சிறகைப் பார்க்கவில்லை. புள்ளியா கோடா என்று பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

அவர் மனைவியின் தோட்டை அடகு வைத்து மருந்து வாங்கினார். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் அடித்தார். வந்தது இலைசுருட்டி. விட்டிருந்தாலும் பயிர் தேறியிருக்கும். மருந்து சிலந்தியைக் கொன்றது, நீரின் மேல் ஓடும் பூச்சிகளைக் கொன்றது, முட்டைக்குள் முட்டையிடும் குளவிகளைக் கொன்றது. காவல் இல்லாத வயலில் கபிலநிறத் தத்தி பெருகியது. எங்கள் பக்கத்தில் அதை அறக்கொட்டியான் என்பார்கள். வட்டம் வட்டமாகப் பயிர் எரிந்து சாய்ந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "எங்கட காலம் சேர்" என்றார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். தோடு மீண்டதா என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்த கதையல்ல. 1994இல் வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் உள்ள லோங் ஆன் மாகாணத்தில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் கே. எல். ஹியோங்கும் அந்நாட்டு அதிகாரிகளும் விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: விதைத்து முதல் 40 நாட்களுக்கு இலைசுருட்டிக்கென்று மருந்து அடிக்காமல், வயலின் ஒரு துண்டிலாவது நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று. வானொலி நாடகம் போட்டு அதைச் சொன்னார்கள். மருந்தடிப்பு வெகுவாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. அங்கும் விவசாயி பயந்தது கண்ணுக்குத் தெரிந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான்.

மருந்துப் போத்தல் வீட்டுக்குள் வருவதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை. 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் வரை தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பலருக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது வயல் மருந்து. 1995இல் மிகக் கொடிய நஞ்சு வகைகளும் 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்ட பிறகு, 2005 அளவில் அந்த விகிதம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மனிதர்களின் துயரம் குறைந்ததால் வந்த மாற்றம் என்று சொல்ல முடியாது. தேவையில்லாத ஒரு போத்தல் வீட்டுக்கு வராமல் போனால் அது ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றலாம்.

சரி, முன்கூட்டியே எப்படி அறிவது? அந்து இரவில் வருவது. வெளிச்சத்துக்கு வருவது. வயலோரம் ஒரு விளக்கை வைத்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, சிறிது சவர்க்காரத்தைக் கரைத்துவிட்டால், முன்னிரவு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அந்த வட்டையில் என்ன பறக்கிறது என்று தெரிந்துவிடும். விளக்குப் பொறி என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைத்தான் முதலில் கற்றுத்தந்தார்கள்.

கற்றதைச் செய்ய முடியவில்லை. இரவில் வயலுக்குள் வெளிச்சம் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்துக்கு சைகை காட்டுகிறாய் என்று கேட்பதற்கு முன்பே சுடலாம். மாலை ஆறு மணிக்குப் பிறகு வட்டைக்குள் ஆள் இல்லை, காவல் பரணில் ஆள் இல்லை. தொண்ணூறுகளில் 'கட்டுப்பாடற்ற பிரதேசம்' என்று சொல்லப்பட்ட பக்கங்களுக்குப் பற்றரி கொண்டுபோக முடியாது, யூரியா கொண்டுபோக முடியாது, மண்ணெண்ணெய் அளந்துதான். வீட்டுக்குள் குப்பிலாம்புத் திரியைத் தாழ்த்தி வைத்துப் பிள்ளைகள் படித்த காலத்தில், பூச்சிக்கு யார் விளக்கு வைப்பார்? ஒருமுறை சோதனைச்சாவடி ஒன்றில் என் பையில் இருந்த பூச்சிப் போத்தல்களை வரிசையாக எடுத்துவைத்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று இரண்டு மணித்தியாலம் கேட்டார்கள். அதற்குப் பிறகு போத்தல் கொண்டுபோவதையும் விட்டுவிட்டேன். அப்படித்தான் எங்கள் தலைமுறை ஒன்று, அந்தை அந்தாகப் பார்க்காமல், இலையில் விழுந்த வெள்ளையைப் பார்த்து மட்டும் மருந்து சொல்லப் பழகியது. 2009–10இல் நான் வரம்பில் நின்று சொன்ன பதில் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. சாக்குச் சொல்லவில்லை. ஆனால் காரணம் அதுதான்.

இன்று இரவு வயலுக்குப் போகலாம். ஆகவே போகும்படி கேட்கிறேன். தட்டும் தண்ணீரும்கூடத் தேவையில்லை. அதில் நல்ல பூச்சிகளும் சேர்ந்து சாகும். ஒரு பழைய வெள்ளைச் சாரத்தையோ வேட்டியையோ கயிற்றில் கட்டி, பின்னால் மின்கல விளக்கைப் பிடித்தால் போதும். முழுநிலவு இரவுகளில் குறைவாகவே வரும். நிலவில்லாத இரவில் பாருங்கள். மஞ்சள் சிறகில் ஒற்றைக் கரும்புள்ளியா, நெளிகோடா, வெள்ளையில் பழுப்புப் புள்ளியா? கைத்தொலைபேசியில் படம் எடுப்பதென்றால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று. எந்தச் செடியில், எந்தத் திகதியில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தைவிட அந்தக் குறிப்பு பெறுமதியானது.

புள்ளி வைத்த பெண் அந்துகள் வரத் தொடங்கினால், மறுநாள் காலை இலை நுனிகளில் வெல்வெட் பொட்டுகளைத் தேடி, இலையோடு கிள்ளி எடுக்க வேண்டும். எடுத்ததை நசுக்காதீர்கள். சிறு துளைகள் போட்ட பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு, வயலிலேயே ஒரு தடியில் கட்டித் தொங்கவிடுங்கள். முட்டைகளில் ஒரு பங்குக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குளவிகள் ஏற்கெனவே தங்கள் முட்டையை இட்டிருக்கும். குளவி வெளியே பறந்து மீண்டும் வேலைக்குப் போகும். அந்தின் புழு வெளியே வந்தாலும் போத்தலுக்குள்ளேயே பட்டினி கிடந்து சாகும். ஒரு ஏக்கருக்கு இரண்டு பேர், ஒரு காலைப் பொழுது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு.

அறுவடைக்குப் பிறகு வீட்டுக்குள் வரும் இன்னொரு வெளிறிய அந்தும் இருக்கிறது. நெல் மூட்டையிலிருந்து பறக்கும் அந்துப்பூச்சி. தமிழில் 'அந்து' என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இது புல் அந்துக் குடும்பமல்ல, வேறு குடும்பம். வைக்கோல் நிறம், பின்சிறகின் நுனி விரல் நீட்டியதுபோல் கூராகி, ஓரமெல்லாம் நீண்ட மயிர்க் குஞ்சம். பிரான்சின் அங்கூமுவா மாகாணத்தில் 18ஆம் நூற்றாண்டில் தானியக் களஞ்சியங்களை அழித்ததால் அந்த மாகாணத்தின் பெயரையே ஆங்கிலத்தில் சுமக்கிறது. ஒரு நெல்லுக்குள் ஒரு புழு, வெளியேறிய இடத்தில் ஒரு வட்டத் துளை. இதற்கு மருந்து வேண்டாம்; நெல்லைக் கடித்தால் 'டக்' என்று உடையும்வரை வெயிலில் காயப்போடுங்கள், பழைய சாக்கை வெந்நீரில் அலசி உலர்த்துங்கள்.

தம்பிக்கு நான் கொடுத்த பதில், "புல் அந்துக் குடும்பம், அதற்கு மேல் படம் பேசாது" என்பதுதான். அவனுக்கு அது போதவில்லை. அடுத்த முறை முகத்தையும் பக்கத்தையும் தனித்தனியாக எடுத்து வருவானாம், அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போவானாம். அம்மம்மா, "அந்தக் குளுருக்கு நான் வரல" என்கிறார். ஆனால் எந்த மாதம் போனால் அது அதிகம் பறக்கும் என்று அவரே அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

இதற்கிடையில் என் விறாந்தை மின்குமிழுக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருக்கிறேன். கடற்கரை விடுதிகளின் வெளிச்சத்துக்குப் போனது போக மிச்சம் எனக்கு வருகிறது. நேற்று இரவு பத்து மணிக்கு முன் நான்கு, மஞ்சள் சிறகு, ஒற்றைக் கரும்புள்ளி. நிலாவெளிப் பக்க வயல்களில் பயிர் குடலைப் பருவத்தில் நிற்கிறது. காலையில் அங்கே எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவரை அழைத்தேன்.

"சேர், மருந்து வாங்கவோ?"

"வேண்டாம். முதல்ல வயலுக்குள்ள இறங்கி இலை நுனியப் பாருங்கோ. பழுப்பு வெல்வெட் மாதிரி ஏதும் ஒட்டியிருக்கோ எண்டு. எத்தினை கண்டனீங்கள் எண்டு பின்னேரம் சொல்லுங்கோ."